டீச்சர் வேலைதானே!

ஜூலை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. கடைசிப் பாடவேளை நன்னெறி வகுப்பு. வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. "படித்து முடித்து என்ன ஆகப் போகிறீர்கள்?" என்று சிஸ்டர் வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தார்கள். எங்கள் வகுப்பில் நாற்பத்தாறு பேர். மருத்துவர் என்று பத்தொன்பது பேர் சொன்னோம். பொறியியல் என்றும், கணினி என்றும், வங்கி என்றும் சிலர் சொன்னோம். ஒருத்தி விமானம் ஓட்டுவேன் என்றாள். அவளுக்குக் கைதட்டல் கிடைத்தது. ஆசிரியை ஆவேன் என்று எழுந்து நின்றவர்கள் இருவரே. அவர்களுள் ஒருத்தி ஆறாம் வகுப்பிலிருந்தே எங்கள் முதல் மாணவி. அவள் சொன்னதும் வகுப்பே சிரித்தது. மற்றவள் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. அவள் அப்படித்தான் சொல்வாள் என்று நாங்கள் முன்னமே முடிவு கட்டியிருந்தோம் போலும்.

எது பெரிய பிழை? சிரித்ததா, சிரிக்காமல் இருந்ததா? அன்று மாலை பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது எங்களுக்குள் எழுந்த கேள்வி இதுதான்.

அடுத்த வாரமே பெற்றோர் கூட்டம். முதல் மாணவியின் அம்மா, "இத்தனை மார்க் வாங்கிவிட்டு டீச்சர் வேலைக்கா போகவேண்டும்? நீங்களாவது சொல்லக்கூடாதா சிஸ்டர்?" என்று கண் கலங்கினார்கள். மற்றவளின் அப்பா சரக்கு ஆட்டோ ஓட்டுபவர். அவர், "பொம்பளைப் பிள்ளைக்கு டீச்சர் வேலை போதும் சிஸ்டர். பாதுகாப்பு, சாயங்காலம் வீட்டுக்கு வந்துடலாம்" என்றார். ஒருவர் வேண்டாம் என்கிறார், ஒருவர் போதும் என்கிறார். ஆனால் அந்தப் பணியைப்பற்றி இருவரும் நினைப்பது ஒன்றே என்று எங்களுக்குப் பட்டது.

நூலக வகுப்பில் நாங்கள் மூவர் இதைப்பற்றியே முணுமுணுத்துக் கொண்டிருந்ததைக் கேட்ட நூலக சிஸ்டர், "லிவர்பூல் கன்னியர் மடத்துப் பயிற்சிக் கல்லூரியைப்பற்றிப் படித்துவிட்டு வந்து பேசுங்கள்" என்று கூறிப் பழைய புத்தகங்களை எடுத்துக் கொடுத்தார்கள். தண்டனை என்று எண்ணித்தான் வாங்கிக்கொண்டோம். நாங்கள் அறிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம். எங்கள் கருத்தையும் இடையிடையே சொல்லுவோம், பெரியவர்கள் பொறுத்தருள்க.

லிவர்பூல் இங்கிலாந்தின் மேற்குக் கரையிலுள்ள துறைமுகம். எதிர்க்கரையில் அயர்லாந்து. 1845ஆம் ஆண்டு அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. நமக்கு அரிசி எப்படியோ அப்படி அவர்களுக்கு உருளைக்கிழங்கு. பயிர் அழுகியது, பஞ்சம் வந்தது. 1847ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் ஏறத்தாழ மூன்று இலட்சம் ஐரிஷ் மக்கள் கப்பல்களின் மேல்தளத்தில் ஆடுமாடுகளோடு நெருக்கியடித்துக்கொண்டு லிவர்பூலில் வந்து இறங்கினார்கள். பலர் அங்கிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறினர். கப்பலேறக் காசில்லாதவர்கள் அந்நகரின் நிலவறைகளில் தங்கிவிட்டார்கள். அவர்களோடு நச்சுக் காய்ச்சலும் வந்தது. நோயாளிகளுக்கு அவஸ்தைபூசுதல் கொடுக்கச் சென்ற கத்தோலிக்கக் குருக்கள் பத்துப் பேர் அந்த ஓராண்டிலேயே அதே காய்ச்சலில் மாண்டனர். 1851ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்போது அந்நகரில் ஐந்தில் ஒருவருக்கு மேல் அயர்லாந்தில் பிறந்தவர்கள். அவர்களின் பிள்ளைகள் தெருவில் தீப்பெட்டி விற்றார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் பள்ளிக்குக் கட்டடம் மட்டும் போதுமா? கற்பிக்க ஆள் வேண்டாமா?

இங்கே எங்களை வியக்க வைத்த ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். அந்நாளில் இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் ஓர் ஆசிரியருக்கு நூற்றுக்கணக்கான பிள்ளைகள். சமாளிப்பது எப்படி? பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். இந்த முறைக்கு அவர்கள் வைத்த பெயர் 'மெட்ராஸ் முறை'! ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1789ஆம் ஆண்டில் நம் எழும்பூரில் இருந்த ஆண் குழந்தைகள் அனாதை இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். நம் ஊர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதை அவர் பார்த்தார். அதுபோல் தம் பள்ளியிலும் செய்யச் சொன்னார். ஆசிரியர்களோ ஒத்துவரவில்லை. உடனே அவர் ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனைக் கூப்பிட்டுச் சின்ன வகுப்புக்கு ஆசிரியனாக்கிவிட்டார். 1797இல் அதைப்பற்றி லண்டனில் நூலும் வெளியிட்டார். திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளை கப்பலேறி இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது இப்படித்தான். எங்கள் வகுப்புத் தலைவி இதைப் படித்ததிலிருந்து கொஞ்சம் நிமிர்ந்து நடக்கிறாள்.

ஆனால் பத்து வயதுச் சட்டாம்பிள்ளையால் எவ்வளவு கற்பிக்க முடியும்? அவனுக்கே நேற்றுத்தான் தெரிந்த பாடம். 1846இல் கே ஷட்டில்வொர்த் என்ற அதிகாரி வேறொரு திட்டம் கொண்டு வந்தார். பதின்மூன்று வயது நிறைந்த நல்ல மாணவனோ மாணவியோ அதே பள்ளியில் ஐந்தாண்டு 'மாணவ ஆசிரியராக' அமர்த்தப்படுவர். இருபத்தைந்து பிள்ளைகளுக்கு ஒருவர். பகலில் வகுப்பெடுக்க வேண்டும். பள்ளி நேரத்துக்கு வெளியே தலைமை ஆசிரியரிடம் தாங்கள் பாடம் கேட்க வேண்டும். அரசாங்கம் உதவித்தொகை தரும். ஐந்தாண்டு முடிந்ததும் 'அரசியின் உதவித்தொகை' என்னும் தேர்வு. தேறினால் பயிற்சிக் கல்லூரியில் இரண்டாண்டு இலவசமாகவோ மிகக் குறைந்த செலவிலோ படிக்கலாம். வெளியே வரும்போது சான்றிதழ் பெற்ற ஆசிரியர்!

ஏழை வீட்டுப் பெண்ணுக்கு இது எத்தனை பெரிய வாசல் என்று எண்ணிப் பாருங்கள். அதற்கு முன் அவளுக்கு இருந்த வழி என்ன? பணக்கார வீட்டில் பாத்திரம் தேய்ப்பது, ஆலைக்குப் போவது, ஊசி நூலோடு கண் கெடுவது. இப்போது முதல்முறையாகப் படிப்பே அவளுக்குச் சம்பளமாக மாறியது.

ஆனால் கத்தோலிக்கப் பெண்களுக்கு அந்த வாசலில் ஒரு பூட்டு. 1847இல் இங்கிலாந்தின் ஆயர்கள் ஏழைப் பள்ளிகளுக்கென்று ஒரு குழு அமைத்தார்கள். அரசு மானியமும் கத்தோலிக்கப் பள்ளிகளுக்குக் கிடைக்கத் தொடங்கியது. 1850இல் ஆண்களுக்கு ஹேமர்ஸ்மித்தில் பயிற்சிக் கல்லூரி வந்துவிட்டது. பெண்களுக்கு? மாணவ ஆசிரியையாக ஐந்தாண்டு உழைத்த பெண், அதற்கப்பால் போவதற்குத் தன் மறையினர் நடத்தும் கல்லூரி இல்லாமல் நின்றாள்.

அந்தப் பூட்டைத் திறந்தவர்கள் நமூர் நகரத்து நோத்ர் தாம் சகோதரிகள். இந்தச் சபையின் கதையே தனிக் கதை. பிரான்சு நாட்டுக் கிராமத்துப் பெண் ஜூலி பில்லியார் 1751இல் பிறந்தவர். வயல் வேலையாட்களுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுத்தவர். பிறகு இருபத்திரண்டு ஆண்டுகள் கால் நடவாமல் படுக்கையில் கிடந்தார். எங்களைவிட ஏழாண்டு அதிகம்! படுக்கையைச் சுற்றி உட்காரவைத்தே குழந்தைகளுக்கு மறை கற்பித்தார். பிரெஞ்சுப் புரட்சியில் சிறை கண்டு மீண்ட ஃபிரான்சுவாஸ் என்ற பிரபு குலத்துச் சீமாட்டி அவருக்குத் தோழியானார். 1804இல் இருவரும் ஏழைப் பெண் குழந்தைகளின் கல்விக்காகச் சபை தொடங்கினார்கள். அதே ஆண்டு ஜூலி எழுந்து நடந்தார். 1809இல் சபையின் தலைமை இல்லம் இன்றைய பெல்ஜியத்திலுள்ள நமூருக்கு மாறியது. 1969இல் திருச்சபை அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தது. இச்சபையினர் 1845இல் இங்கிலாந்து வந்தார்கள். 1851இல் லிவர்பூலுக்கு வந்தார்கள். தெருப்பிள்ளைகளுக்காகவே வாழ்ந்த நியூஜென்ட் அடிகளார் அவர்களை அழைத்து வந்தார்.

1856இல் மவுண்ட் பிளசண்ட் என்னும் தெருவில் கல்லூரி திறக்கப்பட்டது. இன்பக் குன்று என்று பொருள்படும் பெயர். ஆனால் கூப்பிடு தூரத்தில் இங்கிலாந்தின் மிகப்பெரிய ஏழையர் விடுதிகளில் ஒன்று இருந்தது. கஞ்சிக்கு வழியற்றவர்கள் கல்லுடைத்துப் பிழைத்த இடம் அது. கல்லூரிச் சன்னலைத் திறந்தால் தாங்கள் யாருக்குக் கற்பிக்கப் போகிறோம் என்பது அந்த மாணவிகளுக்குத் தெரிந்திருக்கும்.

முதல் தலைவி, பிலிப்பு மரியாள் என்று நாம் சொல்லக்கூடிய சிஸ்டர் மேரி ஆஃப் செயின்ட் பிலிப். இயற்பெயர் ஃபிரான்சிஸ் லெஷர். 1825இல் பிறந்தவர். வசதியான குடும்பம்; நல்ல பள்ளிப்படிப்பு. 1853இல் மடத்தில் சேர்ந்தார். கல்லூரிப் பொறுப்பு வந்தபோது அவருக்கு வயது முப்பதை ஒட்டித்தான் இருக்கும். பெண்கள் பல்கலைக்கழகத்தில் நுழைய முடியாத காலம். அந்தக் காலத்தில் ஒரு பெண், அதுவும் ஒரு கன்னிகை, அரசாங்கத்தின் பாடத்திட்டத்தையும் அரசாங்க ஆய்வாளரின் வருகையையும் ஏற்றுக்கொண்டு ஒரு கல்லூரியை நடத்தினார். மடத்தின் சுவருக்குள் அரசு அதிகாரி வந்து கேள்வி கேட்பதா என்று தயங்கியவர்கள் கத்தோலிக்கரிடையே இருந்தார்கள். அரசின் சான்றிதழ் இல்லாத ஆசிரியைக்கு மதிப்பில்லை என்பதைக் கண்டவர்கள் தயங்கவில்லை. எங்கள் பள்ளிக்கு ஆய்வு என்றால் நோட்டுப் புத்தகங்களுக்கு அட்டை போடுவதிலேயே ஒரு வாரம் போகிறது. அங்கே ஆய்வாளர் முன் மாணவி வகுப்பே எடுத்துக் காட்டவேண்டும்!

பயிற்சி எப்படி நடந்தது? எழுத்து, கணக்கு, இலக்கணம், புவியியல், வரலாறு, இசை, தையல், வீட்டு நிர்வாகம், பள்ளி நிர்வாகம். இவையெல்லாம் புத்தகத்தில் உள்ளவை. எங்களுக்குப் பிடித்தது வேறொன்று. அக்காலப் பயிற்சிக் கல்லூரிகளில் 'குறைகாண் பாடம்' என்று ஒன்று உண்டு. ஒரு மாணவி உண்மையான பிள்ளைகளுக்கு வகுப்பெடுப்பாள். அவளுடைய தோழிகளும் ஆசிரியையும் பின்னால் அமர்ந்து கவனிப்பார்கள். முடிந்ததும் ஒவ்வொருவராக எழுந்து குறை சொல்வார்கள்: கேள்வி நீளம், கரும்பலகையை மறைத்தாய், ஒரே பிள்ளையிடம் கேட்டாய் என்று. கேட்கவே நடுக்கமாக இருக்கிறது. ஆனால் நாங்கள் இதுவரை நினைத்திருந்தது என்ன? பாடம் தெரிந்தால் போதும், டீச்சராகிவிடலாம் என்றுதான். தெரிந்திருப்பது வேறு, தெரியவைப்பது வேறு. இரண்டாவதைத் தனியாகக் கற்க வேண்டும் என்று நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே அவர்கள் கண்டுகொண்டார்கள். படிப்பு முடிந்ததும் சான்றிதழ் கையில் வந்துவிடாது. பள்ளியில் இரண்டாண்டு வேலை பார்த்து, ஆய்வாளர் நன்றென்று எழுதினால்தான் கிடைக்கும். மருத்துவர்களுக்குப் பயிற்சிக்காலம் இருப்பதை மட்டும் பெருமையாகப் பேசுகிறோமே!

சோதனையும் வந்தது. 1862இல் ராபர்ட் லோ என்பவர் மானிய விதிகளை மாற்றினார். பிள்ளை வருகை தந்தால் நான்கு ஷில்லிங், வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றிலும் தேறினால் எட்டு ஷில்லிங் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் விலை போட்டார். 'தேர்ச்சிக்கு ஏற்ற கூலி' என்று இதற்குப் பெயர். மாணவ ஆசிரியைக்கு அரசு நேராகக் கொடுத்துவந்த உதவித்தொகை நின்றது. பள்ளி நிர்வாகத்தோடு பேசி வாங்கிக்கொள் என்றார்கள். சேருவோர் தொகை நாடெங்கும் குறைந்தது. ஆசிரியர்கள் தேர்வுக்கு வரும் மூன்று பாடங்களையே திருப்பித் திருப்பிக் குத்தினார்கள். பிள்ளைகள் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தும் ஒப்பித்தார்கள் என்று கதை சொல்வார்கள். பத்தாம் வகுப்பில் இருக்கும் எங்களுக்கு இந்தப் பகுதி மிக நன்றாகப் புரிந்தது. இதற்குமேல் இதைப்பற்றி எழுதினால் தலைமையாசிரியை சிஸ்டர் கேள்வி கேட்பார்கள். 1890களில்தான் அந்த முறை ஒழிந்தது.

இடையில் 1870இல் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. 1880இல் பள்ளிக்கு அனுப்புவது கட்டாயமாயிற்று. நாடெங்கும் ஆசிரியைகள் தேவைப்பட்டார்கள். ஸ்காட்லாந்துக் கத்தோலிக்கப் பெண்கள்கூட லிவர்பூலுக்கு வந்துதான் பயிற்சி பெற வேண்டியிருந்தது. அந்தக் குறை தீர, இதே சபையினர் 1895இல் கிளாஸ்கோ நகரில் டவன்ஹில் கல்லூரியைத் தொடங்கினார்கள். அதன் முதல் தலைவியும் லெஷர் குடும்பத்துப் பெண்ணே. மூத்த தலைவி 1904இல் இறந்தார். அவரிடம் பயின்றவர்கள் தொழிற்சாலை நகரங்களின் சிறு பள்ளிகளில் எல்லாம் இருந்தார்கள். அவர்களுடைய பெயர் எந்த வரலாற்றிலும் இல்லை. எழுபது பிள்ளைகளுக்கு முன்னால் நின்று தொண்டை கட்டிப்போனவளின் பெயரை யார் எழுதிவைப்பார்கள்?

இதுவரை புகழ்ந்தோம். இனி, எங்களுக்கு உறுத்தியதையும் சொல்கிறோம்.

பதின்மூன்று வயதில் ஆசிரியை! எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளையின் வயது. பகலெல்லாம் இருபத்தைந்து குழந்தைகளைக் கட்டி மேய்த்து, பின்பு விளக்கின் கீழ் தன் பாடத்தைப் படித்து, ஐந்தாண்டுகள். எத்தனை பேர் நடுவில் நோயுற்று விட்டுப்போயிருப்பார்கள்! அது வாசல்தான், ஆனால் குறுகலான வாசல். இரண்டாவது, ஒரே வேலை, ஒரே சான்றிதழ் இருந்தும் ஆசிரியைக்கு ஆசிரியரைவிடக் குறைந்த சம்பளம். இங்கிலாந்தில் ஆசிரியைகளுக்குச் சம ஊதியம் 1955இல் படிப்படியாகத் தொடங்கி 1961இல்தான் முழுமையாயிற்று. கல்யாணம் செய்துகொண்டால் வேலையை விட்டுப் போகவேண்டும் என்ற விதியும் பல இடங்களில் இருந்தது. 1944ஆம் ஆண்டுச் சட்டம் அதை நீக்கியது. பெண்ணுக்கேற்ற வேலை என்று சொல்லும்போதே குறைந்த கூலிக்கேற்ற வேலை என்பதும் அதில் ஒளிந்து நிற்கிறது. அந்தச் சொல்லை எங்கள் தோழியின் அப்பா அன்போடு சொன்னார் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனாலும் அந்தச் சொல் எங்கிருந்து வருகிறது என்பதையும் நாம் பார்க்கவேண்டும் அல்லவா?

மூன்றாவது, கன்னியர்கள் சம்பளத்தைத் தமக்கென்று எடுத்துக்கொள்ளாமல் உழைத்தார்கள். அது அவர்களின் வாக்குத்தத்தம்; அதற்குத் தலை வணங்குகிறோம். ஆனால் அவர்களைப் பார்த்துப் பழகிய உலகம், ஆசிரியை என்றாலே தியாகம், தியாகம் என்றாலே சம்பளம் கேட்கக்கூடாது என்று எண்ணிக்கொண்டது. இரண்டு பிள்ளைகளையும் வாடகை வீட்டையும் வைத்திருக்கும் டீச்சரிடம் போய் 'சேவை மனப்பான்மை வேண்டும்' என்பது நியாயமா? ஆசிரியர் தினத்தன்று நாங்கள் வாசிக்கும் வாழ்த்து மடல்களில்கூட மெழுகுவர்த்தி உவமையை இனி விட்டுவிடலாம் என்பது எங்கள் தாழ்மையான கருத்து. உருகித் தீர்ந்துபோகவேண்டும் என்று ஒருவரை வாழ்த்துவார்களா?

லிவர்பூல் கதை நம் ஊருக்குத் தொடர்பில்லாதது என்று சிலர் சொல்லக்கூடும். 1886இல் பிறந்து, குழந்தையாகவே விதவையான சுப்புலட்சுமி அம்மையார் சென்னையில் பிரசன்டேஷன் கன்னியர் பள்ளியில் படித்தவர். 1911இல் பட்டம் பெற்றார். அவர் மதம் மாறவில்லை. ஆனால் துறவியரைப்போல் பணிக்கென்றே வாழ்ந்ததால் 'சகோதரி சுப்புலட்சுமி' என்றே அழைக்கப்பட்டார். இளம் விதவைகளைச் சேர்த்துவைத்து அவர் செய்தது என்ன? அவர்களை ஆசிரியைகள் ஆக்கினார். மூலையில் உட்காரவைக்கப்பட்ட பெண் சாக்குக்கட்டியோடு கரும்பலகை முன் நின்றாள். 1922இல் தொடங்கிய லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரியையும் அவரே நடத்தினார். சமுதாயம் தள்ளிவைத்த பெண் தன் காலில் நிற்க, லிவர்பூலிலும் திருவல்லிக்கேணியிலும் கிடைத்த வழி ஒன்றாகவே இருந்திருக்கிறது.

கல்லூரி பின்னாளில் என்ன ஆயிற்று? 1980இல் லிவர்பூலின் மற்றொரு கத்தோலிக்கக் கல்லூரியோடு இணைந்தது. ஆங்கிலிக்கன் சபையாரின் கல்லூரியும் அவர்களோடு சேர்ந்துகொண்டது. ஒரு காலத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பாராத இரு சபையார் ஒரே நிறுவனம் நடத்தினார்கள்! 2005இல் அது லிவர்பூல் ஹோப் பல்கலைக்கழகம் ஆயிற்று. ஏழையர் விடுதி இருந்த குன்றில் 1967இல் பேராலயம் எழுந்தது. டவன்ஹில் கல்லூரியும் பெயர் மாறி, 1999இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்துக்குள் சேர்ந்தது. பெண்களுக்கு எல்லாக் கதவுகளும் திறந்தபின் பெண்களுக்கென்று தனிப் பயிற்சிக் கல்லூரி தேவைப்படாமல் போனது. அதில் எங்களுக்கு வருத்தமில்லை.

எங்கள் வருத்தம் வேறு. கதவுகள் எல்லாம் திறந்தபின், முதலில் திறந்த கதவை நாம் ஏன் கொல்லைப்புற வாசலாக்கிவிட்டோம்? வேறெதற்கும் மார்க் போதாவிட்டால் ஆசிரியர் பயிற்சி என்கிறோம். பெற்றோர் சொல்லும் காரணங்களில் உண்மை இல்லாமல் இல்லை. பயிற்சி முடித்துத் தகுதித் தேர்விலும் தேறிவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் அக்காமார் எங்கள் தெருக்களிலும் இருக்கிறார்கள். தனியார் பள்ளியில் வாங்கும் சம்பளத்தை வெளியே சொல்ல வெட்கப்படும் டீச்சர் ஒருவரை எங்களில் ஒருத்திக்குத் தெரியும். அவள் சித்தி அவர். அப்படியானால் நாம் கோபப்பட வேண்டியது அந்தச் சம்பளத்தின் மேல். ஆசைப்பட்ட பெண்ணின் மேல் அன்று. முதல் மாணவியின் அம்மாவிடம் நாங்கள் கேட்க விரும்புவது ஒன்றுதான்: ஆன்ட்டி, உங்கள் மகளுக்கு ஐந்து வருடமாகக் கணக்கை இவ்வளவு நன்றாகக் கற்பித்தவர் யார்? அவர் வேலை உங்கள் மகளுக்குக் குறைவு என்றால், உங்கள் மகளுக்குக் கற்பிக்க அவர் எப்படிப் போதுமானவராக இருந்தார்? அந்த அப்பாவிடமும் கேட்கிறோம்: போதும் என்று சொல்லாதீர்கள் அங்கிள், அவள் அதை விரும்புகிறாளா என்று ஒருமுறை கேட்டீர்களா? நாங்கள் கேட்டோம். விரும்புகிறாள். ஆனால் கல்லூரியில் கணிதம் படித்துவிட்டுப் பிறகு பி.எட். படித்து, மேல்வகுப்புக்குப் போக விரும்புகிறாள். அதை வீட்டில் சொல்லப் பயந்து 'டீச்சர்' என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறாள்.

செப்டம்பர் 5ஆம் நாள் வந்தது. வழக்கம்போல் நாங்கள் புடவை கட்டிக்கொண்டு கீழ்வகுப்புகளுக்குப் போனோம். வழக்கமாக அன்று பாட்டும் விடுகதையுமாகப் போகும். இம்முறை நாங்கள் ஒரு விண்ணப்பம் வைத்தோம்: இருவர் மட்டும் உண்மையாகவே பாடம் நடத்துவார்கள், கணக்கு டீச்சரும் நாங்களும் பின்னால் அமர்ந்து குறை எழுதுவோம். லிவர்பூல் முறை! டீச்சர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்கள்.

முதல் மாணவி எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தாள். ஒரு சொல் பிழையில்லை. ஆனால் இருபது நிமிடத்தில் இரண்டு பாடத்தை முடித்துவிட்டாள்! பிள்ளைகள் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஏதாவது சந்தேகம் இருக்கிறதா?" என்று கேட்டாள், ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. எல்லோருக்கும் புரிந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டாள். வெளியே வந்து எங்கள் குறிப்புகளைப் படித்ததும் அவள் முகம் சிவந்துபோயிற்று. எதிலும் அவள் தோற்று நாங்கள் பார்த்ததில்லை.

மற்றவள் ஆறாம் வகுப்புக்குப் பின்னம் எடுத்தாள். மூன்றில் ஒன்று பெரிதா, நான்கில் ஒன்று பெரிதா என்றாள். நான்குதானே பெரிது, அதனால் நான்கில் ஒன்று என்றது வகுப்பு முழுவதும். அவள் மறுத்துப் பேசவில்லை. கைப்பையிலிருந்து இரண்டு கடலை மிட்டாய்ச் சதுரங்களை எடுத்து, ஒன்றை மூன்றாகவும் மற்றதை நான்காகவும் நறுக்கி, "யாருக்கு எது வேண்டும்?" என்றாள். அவ்வளவுதான், முன் பெஞ்சில் கூச்சல்! எங்களுக்கே கை தட்டத் தோன்றியது. ஆனால் கணக்கு டீச்சர் தம் தாளில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்கள்: "கடைசி பெஞ்சுக்கு மிட்டாய் தெரியவில்லை."

அவள் அந்தத் தாளை நான்காக மடித்து ஜியோமெட்ரி பாக்ஸில் வைத்துக்கொண்டாள். அடுத்த திங்கட்கிழமை மதிய உணவு இடைவேளையில் அவளைக் காணோம் என்று தேடினோம். ஆறாம் வகுப்பில் இருந்தாள். கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் ஐந்து பேரையும் தரையில் வட்டமாக உட்காரவைத்து, நடுவில் தன் சாப்பாட்டு டப்பாவின் மூடியில் ஒரு சப்பாத்தியை வைத்துக்கொண்டிருந்தாள். முதல் மாணவி வாசற்படியில் நின்று, கையில் நோட்டுடன், ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள்.